பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்திலிருந்து வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் இரண்டு பேரைக் கைகாட்டுவேன். அதில் ஒருவன் நான். எழுத எழுத மற்றவர் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார், நான் முன்னால் வந்து நிற்கிறேன். அதனால்தான் தொடங்கிய இடத்திலேயே கதை திரும்பத் திரும்ப நின்றுபோனது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அவள் பாயை விரித்து, கண்களை மூடி, மூச்சை மெல்ல உள்ளே" — வேண்டாம். அழகாக இருக்கிறது. அழகாக எழுதப்போய்த்தான் இந்தக் கதியே வந்தது.

இரண்டாவது: "யோகா, ஆயுர்வேதம் எல்லாமே ஏமாற்று வேலை என்று" — இதுவும் வேண்டாம். நான் அப்படி நினைக்கவில்லை. எனக்கு முதுகுவலி போனதே ஆசனத்தால்தான்.

மூன்றாவது: என் அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டாள். இன்றோடு பத்தொன்பது நாள்.

இது இருக்கட்டும். இதில் பிழை இருந்தால் திருத்த ஓர் ஆள் உண்டு. அந்த ஆளைப் பற்றிக் கடைசியில்.

2

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரை. கடைசியாக வலிப்பு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறாள்; பிழை கண்ணில் பட்டால் திருத்தாமல் அவளால் சோற்றில் கைவைக்க முடியாது. நாங்கள் இருவரும் ஒரே கட்டடம், அவள் இரண்டாவது மாடி, நான் கீழே.

நான் கதை எழுதுகிறவன். கதை சோறு போடாது. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் விளம்பரக் கையேடு எழுதிக்கொடுக்கிறேன். தரைக்கல், பல் மருத்துவமனை, டியூஷன் சென்டர், எதுவானாலும் சரி. நாலு மாதம் முன்பு ஒரு யோகா–ஆயுர்வேத மையம் கூப்பிட்டது. அதை நடத்துகிறவரை மூச்சுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். எதைக் கேட்டாலும் மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அதற்குள் கேட்டவனுக்குக் கேள்வி மறந்துவிடும். நல்ல தொழில் நுணுக்கம்.

கையேட்டின் தலைப்பு: "சரியான பயிற்சியையும் சரியான வழிகாட்டியையும் தேர்ந்தெடுப்பது எப்படி?"

ஒழுங்காகத்தான் வேலையைத் தொடங்கினேன். ஆயுர்வேதம் படித்த ஒரு வைத்தியர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்தேன், ஏனென்றால் உள்ளே இருந்தவரின் பழைய சீட்டுகளை, மற்ற டாக்டர்கள் எழுதியதை, அந்த அம்மா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு நான் கேட்டதற்கு நாலு விஷயம் சொன்னார். எங்கே படித்தீர்கள், யாரிடம் எத்தனை வருடம் பழகினீர்கள் என்று கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் போகாதீர்கள். உடம்புக்கு என்ன என்று விசாரிக்காமல் ஆசனம் சொல்லித்தருகிறவரிடம் போகாதீர்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து தருகிறவரிடம் போகாதீர்கள். நாலாவதை அவர் சொன்னபடியே தருகிறேன்:

"சாப்பிட்டுக்கிட்டிருக்கற மாத்திரைய, அதைக் கொடுத்த டாக்டரக் கேக்காம நிறுத்துன்னு ஒருத்தர் சொன்னா, செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க. நானே சொன்னாலும்."

3

நாலையும் கையேட்டில் எழுதிக் கொண்டுபோனேன். மூச்சுக்காரர் முதல் மூன்றையும் தாராளமாக அப்படியே இருக்கட்டும் என்றார். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள் அவருக்கு. (பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பெரியதாக இருந்தது இருபத்தெட்டு நாள் படிப்பு.) நாலாவதில் விரலை வைத்தார். மூச்சை இழுத்தார், நிறுத்தினார், விட்டார். இது பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது, இந்த இடத்தில் குணமான யாராவது எழுதிய கடிதம் ஒன்று போடலாமே என்றார்.

குணமானவர் யார் என்று கேட்டேன்.

"நீங்கதானே எழுத்தாளர்," என்றார்.

[இந்த இடத்தில் கதாநாயகன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, தாளைக் கிழித்து — அடித்துவிட்டேன். எழவில்லை. தாளையும் கிழிக்கவில்லை. அவர் மேசையிலேயே உட்கார்ந்து இருபது நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். மூலிகைத் தேநீர் வேறு வாங்கிக் குடித்தேன், வெட்கங்கெட்டவன்.]

4

அந்தக் கடிதம் இது:

"எனக்கு வயது நாற்பத்தொன்று. சிறுவயது முதல் வலிப்பு. அது வருவதற்கு முன்னால் பால் தீய்கிற வாசனை வரும். அடுப்பில் ஒன்றுமே இருக்காது. ஆனாலும் போய் எட்டிப் பார்ப்பேன். பிறகுதான் புரிந்து தரையில் உட்காருவேன். இங்கே சேர்ந்து மூன்றாம் மாதம் மாத்திரையை விட்டேன். இப்போது பால் தீய்ந்தால், அது உண்மையிலேயே பால்தான். — பெயர் வெளியிட விரும்பாத ஒரு சகோதரி."

கடைசி வரியை எழுதியதும் எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். மறைக்க மாட்டேன்.

அந்தப் பால் வாசனை* எல்லாவற்றையும் நம்பவைக்கிறது. வெறுமனே "நான் குணமானேன்" என்று எழுதியிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

* அக்காவுடையது. அவளுக்குப் பதினைந்து வயதில், எனக்குப் பதினொன்றில், என்னிடம் மட்டும் சொன்னது. கேட்காமல் எடுத்தேன். கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனித்தல் என்று சொல்வோம். எங்கள் வாயில் திருட்டுக்கு எத்தனை நல்ல வார்த்தைகள்.

5

நான் எழுதுகிற எதையும் முதலில் படித்துத் திருத்துகிறவள் அக்காதான். இந்தக் கையேட்டை மட்டும் அவளிடம் காட்டவில்லை. அச்சடித்ததும் வேறு இடத்தில். ஆனால் அவளோடு வேலை செய்யும் ஒருத்தி அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அக்கா அதை எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இதுல மத்ததெல்லாம் குப்பைடா," என்றாள். "இந்தக் கடிதம் மட்டும்தான் நிஜம்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"பால் தீயுற வாசனைன்னு எழுதியிருக்கா. உன்கிட்டயும் நான் ஒரே ஒரு தடவதான் சொல்லியிருக்கேன். இவ்வளவு வருஷமா எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிட்டிருந்தேன்டா. இன்னொருத்திக்கும் வருது."

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததை நான் எழுதப்போவதில்லை. அதையும் எங்கேயாவது விற்றுவிடுவேன்.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் மையத்தில் சேர்ந்தாள். மூச்சுக்காரர் என்ன வியாதி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகவே சொன்னதும், மாத்திரை என்பது உடம்பு பேசுவதைக் கேட்கவிடாமல் காதை அடைப்பது என்றார். மாத்திரையை நிறுத்தினாள். நான் மாடிக்குப் போய்க் கத்தினேன். வைத்தியர் அம்மா சொன்ன நாலாவது விஷயத்தை வரி பிசகாமல் சொன்னேன். அந்த அம்மாவுக்கு வலிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இவளுக்கு இருக்கிறது என்று கையேட்டைத் தட்டிக் காட்டினாள்.

போன வாரம் அச்சகத்தில் மேசைக்கும் மேசைக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் வாசனை. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. விஷம் வெளியே போகிறது, பயப்படாதீர்கள் என்று மூச்சுக்காரர் போனில் சொன்னாராம்.

இப்போது பயிற்சியாளர் படிப்பு. வருகிற திங்கட்கிழமை போகிறாள், இருபத்தெட்டு நாள் அங்கேயே தங்கல். தினமும் காலையில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி மூச்சுப் பயிற்சி. வலிப்புக்காரி, மாத்திரை இல்லாமல், கழுத்தளவுத் தண்ணீரில். இதைப் படிக்கிற உங்களுக்குப் புரிகிறது. அவளுக்கும் புரியும், அவள் முட்டாள் இல்லை. நேற்று அவளே ஒரு வழி சொன்னாள்.

"அந்தக் கடிதம் எழுதின அம்மா நம்பர வாங்கிக் குடு. நீதான் அவங்களுக்கு எழுதிக் குடுக்கறவனாச்சே, உனக்குத் தருவாங்க. அவ ஒரு வார்த்த, மாத்திரை போடுன்னு சொல்லட்டும். அன்னைக்கே டாக்டரப் போய்ப் பாக்கறேன். திங்கக்கிழமையும் போகல."

டாக்டர் சொல்லி, வைத்தியர் அம்மா சொல்லி, கூடப் பிறந்தவன் சொல்லி எடுபடாதது, நான் இருபது நிமிடத்தில் செய்த பொம்பளை சொன்னால் எடுபடும்.

6

முடிவுகள்.

(அ) பெயர் வெளியிட விரும்பாத சகோதரி இன்னொரு கடிதம் எழுதுகிறாள். "அன்புள்ள சகோதரிக்கு, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆறாம் மாதம் மறுபடியும் பால் தீய்ந்தது. இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் ஆசனம் செய்கிறேன்." அக்கா மாத்திரை போடுகிறாள். திங்கட்கிழமை போகவில்லை. சுபம்.

இந்தக் கடிதத்தை எழுதியே விட்டேன். என் மேசையில் இருக்கிறது. முதல் கடிதத்தைவிட நன்றாக வந்திருக்கிறது, அதுதான் குலைநடுக்கமாக இருக்கிறது. அக்கா பதில் போடுவாள். நான் பதிலுக்குப் பதில் போடுவேன். இல்லாத ஒருத்தியிடம் அவள் சுகதுக்கம் எல்லாம் சொல்வாள், நான் கீழ்வீட்டில் உட்கார்ந்து படிப்பேன். அதிலிருந்தும் எடுப்பேன்.

(ஆ) உண்மையைச் சொல்கிறேன். அவளுக்கு அந்தத் துணை போய்விடும், பால் வாசனை மறுபடியும் அவளுக்கு மட்டும் என்றாகிவிடும். தம்பியும் போய்விடுவான். ஆத்திரத்தில் திங்கட்கிழமை கிளம்பியும் போகலாம்.

(இ) தண்ணீர். நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். மூச்சுக்காரர் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் நிற்கிறவள் திரும்பி எதையோ மோந்து

எழுத மாட்டேன். நீங்களும் மனத்தில் முடிக்காதீர்கள்.

7

திருத்துகிற ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

இந்தத் தாள்கள் பத்திரிகைக்குப் போகவில்லை. என் கதைகள் எல்லாம் முதலில் எங்கே போகுமோ அங்கேதான், இரண்டாவது மாடிக்கு, சனிக்கிழமை மத்தியானம், சிவப்புப் பேனா வைத்திருக்கும் மேசைக்குப் போகின்றன. மேலே "நீங்கள்" என்று எழுதியதெல்லாம் ஒரு கோழையின் மரியாதை.

அக்கா, இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்றால் முதல் பக்கத்திலேயே பேனாவைக் கீழே வைத்திருப்பாய். அந்த அம்மாவின் நம்பர் கேட்டாய். அது உன் போனிலேயே இருக்கிறது, "தம்பி" என்று போட்டு வைத்திருக்கிறாய். வேறு யாருக்கும் பால் தீயவில்லை அக்கா. உனக்கு மட்டும்தான். அதை எடுத்து விற்றவன் நான்.

ஆனால் நீ கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதிய ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாய். எழுதிய ஆள் சொல்கிறேன்: டாக்டரிடம் போ. மாத்திரை போடு. திங்கட்கிழமை போகாதே.

நான் உன் வாசலில், படியில் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறந்து என்னை அடி, திட்டு, இனிமேல் முகத்தில் முழிக்காதே என்று சொல். டாக்டர் ஆறு மணிவரை இருப்பார், கேட்டு வைத்திருக்கிறேன். இதற்குமேல் கதையில் எனக்கு எழுத எதுவும் இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், பேனாவை மறுபடி எடுத்துக்கொள்.