நாணலுக்குள் ஓர் இரும்புக் கதவு

அந்தச் சரணாலயத்தில் அவளை எல்லோரும் வளையல்காரி என்றே அழைத்தார்கள். பட்டம் சூட்டியவள் அண்ணி. வலசை போகும் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு அலுமினிய வளையம் மாட்டி, எடைபோட்டுப் பறக்கவிடுவது அவள் வேலை. "பொம்பளைங்களுக்கு வளையல் போட ஆயிரம் பேர் இருக்காங்க. குருவிக்குப் போட எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா" என்று அண்ணி யாரிடமோ சொல்லப்போக, அது படகுத்துறை வரைக்கும் பரவிவிட்டது. அண்ணன் மட்டும் அவளைக் குள்ளி என்பான். சரணாலயத்தின் பொறுப்பாளர் அவன். அவளைவிட ஒரு முழம் உயரம்.

அந்த ஒரு முழத்துக்கு அங்கே வேலை இருந்தது. நாணலுக்கு நடுவே கம்பங்களில் கட்டிய மெல்லிய கறுப்பு வலை அடுக்கடுக்காய்த் தொங்கும். பறந்துவரும் குருவி அதில் மோதி, ஏதேனும் ஓர் அடுக்கின் மடிப்புக்குள் விழுந்து கிடக்கும். மேல் அடுக்குக்கு அவள் கை எட்டாது. "அண்ணா, மேல ஒண்ணு" என்று குரல் கொடுப்பாள். அவன் வந்து கையை நீட்டிப் பக்குவமாய் எடுத்துத் தருவான். "ஒழுங்கா சாப்பிட்டா வளரலாம்" என்பான். இருவருக்கும் காதோரம் நரைத்த பிறகும் அந்தக் கேலிக்கு மட்டும் வயதாகவில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் அவள் தலைகால் புரியாத மகிழ்ச்சியில் இருந்தாள். அதற்குக் காரணம் ஒரு வாய்க்கால். கைவிடப்பட்ட உப்பளத்துக்குள் ஆற்று நீரைக் கொண்டுவந்தால் நாணல் வளரும். நாணல் வளர்ந்தால், தெற்கே போகும் நாணல் குருவிகள் அங்கே இறங்கி மேய்ந்து போகும் என்று அவள் பல கூட்டங்களில் வாதாடியிருந்தாள். சிரித்தவர்களே அதிகம். கடைசியில் வாய்க்கால் வெட்டினார்கள். நாணல் வந்தது. சென்ற ஆண்டு குருவிகள் வரவில்லை. வலையில் பனித்துளிதான் விழுந்தது. இந்த ஆண்டோ விடியும்போதெல்லாம் வலை காய்த்துத் தொங்கியது.

அன்று காலை, வாய்க்காலுக்கு ஒப்புதல் தந்த குழு சரணாலயத்துக்கு வருகிறது. இதேபோல் வடக்குக் காயலுக்குள்ளும் ஆற்று நீரை விடலாமா என்பதை அவள் சொல்லை வைத்தே முடிவுசெய்யப் போகிறார்கள். வடக்குக் காயலின் சேற்றை நம்பி ஆயிரக்கணக்கான உள்ளான் பறவைகள் பிழைக்கின்றன. நாணல் வந்தால் அந்தச் சேறு போய்விடும். அது சின்ன இழப்பல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கண்முன்னே குருவிகள் இருந்தன. 'விடலாம்' என்று சொல்லத் தீர்மானித்திருந்தாள்.

ஒன்று மட்டும் உள்ளுக்குள் நெருடிக்கொண்டிருந்தது. கையிலிருக்கும் குருவியின் நெஞ்சிறகை வாயால் ஊதி விலக்கினால், தோலுக்கடியில் மஞ்சளாய்க் கொழுப்பு தெரிய வேண்டும். நெடும்பயணத்துக்கு அவை உடம்பிலேயே கட்டிக்கொள்ளும் கட்டுச்சோறு அது. இந்த ஆண்டுக் குருவிகளின் நெஞ்செலும்பு கத்தி முனைபோல் துருத்திக்கொண்டிருந்தது. வளையமிட்டு விட்டவை மீண்டும் வலையில் விழுந்தபோது முன்னிலும் இளைத்திருந்தன. தூரத்துக் களைப்பு என்றாள். மழை பிந்தியதால் பூச்சி குறைவு என்றாள். பிறர் சொல்லியிருந்தால் துருவித் துருவிக் கேட்டிருப்பாள். தானே சொன்னதால் நம்பிவிட்டாள்.

வலை விரிப்பதை இந்தப் பருவம் முழுக்க அண்ணன் ஏற்றுக்கொண்டிருந்தான். "நீ தூங்கு குள்ளி. இருட்டுல நான் போறேன், வெளிச்சம் வந்ததும் நீ வந்தா போதும்." இப்படியோர் அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் படகுக்காரர்களிடம் பெருமையடித்ததுண்டு. அன்று மட்டும், கூட்டத்தை நினைத்துப் படுக்கை கொள்ளாமல், விடியுமுன்னே எழுந்து நடந்தாள்.

மூடுபனி. பலகைப் பாதை காலடியில் மட்டும் தெரிந்தது. பாதி வழியில் நாணலுக்குள்ளிருந்து ஒரு குருவி பாடியது.

அவள் நின்றாள். நாணல் குருவி வசந்தத்தில்தான் பாடும்; துணை தேடவும் எல்லை சொல்லவும் பாடும். இலையுதிர்காலத்தில் பல்லைக் கடித்ததுபோல் 'சக்' என்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். பருவம் தப்பிப் பாடும் இளங்குருவியோ என்று ஒரு கணம் உள்ளம் குளிர்ந்தது. அப்போது பாட்டு நின்றது. நாணலின் நடுவே ஓர் இரும்புக் கதவு கிறீச்சென்று நீளமாய்த் திறந்தது. பிறகு குருவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

சரணாலயத்தில் இரும்புக் கதவு கிடையாது. முன்பு இருந்தது. உப்புக்காற்று தின்று தீர்த்தபின் பழைய இரும்புக்காரர் ஏற்றிப்போனார். இப்போது அங்கே ஒரு மூங்கில் தடுப்புதான். அந்தக் கிறீச்சொலியை அவள் மறக்கவில்லை. எப்போதோ ஒரு வசந்தத்தில், ஈரத்தில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, வழிதவறி இங்கே இறங்கிய ஒற்றைக் குருவியின் இந்தப் பாட்டை அவள் பதிவுசெய்துகொண்டிருந்தபோது அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் திட்டித் தீர்த்தாள். "உன் கச்சேரியில நானும் ஒரு வாத்தியம் வாசிச்சேன், விடு" என்றான். அந்தப் பதிவு இருவரிடம் மட்டுமே இருந்தது.

நாணலை விலக்கி இறங்கினாள். சேறு முழங்கால் வரை வாங்கியது. ஒரு கம்பத்தில் துணிப்பை தொங்கியது, குருவிகளைப் போட்டு எடைபோடும் பையைப் போலவே. உள்ளே கைக்கடக்கமான ஒலிபெருக்கி. பையின் உட்புறம் நனையாமலிருக்க நெகிழித்தாள் வைத்து, சத்தம் வெளியே வர ஒரு வட்டம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருந்தது. பின்னி இறுக்கும் அந்தத் தையலை அவளுக்குத் தெரியும். வளையமிடும் அறையின் பைகள் எல்லாம் அண்ணி தைத்தவை.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இரவெல்லாம் பறந்து களைத்தவை, பனியில் கீழே எதுவும் தெரியாதவை, தம் இனத்தின் குரலைக் கேட்டிருக்கின்றன. இங்கே ஒருவன் குடியேறிப் பாடுகிறான், இரையும் இடமும் இருக்கும் என்று நம்பி இறங்கியிருக்கின்றன. இறங்கிய இடத்தில் ஒன்றுமில்லை.

பலகை அதிர்ந்தது. தோளில் பைகளோடு அண்ணன் வந்தான். அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் நின்றான்.

"சீக்கிரமே வந்துட்ட" என்றான்.

"வலையில குருவி கிடக்கு. முதல்ல அதை எடுப்போம்."

குருவிகள் சண்டைக்குக் காத்திருக்க மாட்டா. இருவரும் வலை வலையாகப் போனார்கள். கீழடுக்குகளை அவள் பார்த்தாள். மேல் அடுக்கிலிருந்து அவன் எடுத்து நீட்டியதை வாங்கினாள். வளையம் மாட்டவில்லை, விரலை விரித்துப் பறக்கவிட்டாள். கடைசிக் குருவியும் போனபின்தான் அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்ப இருந்து?"

"பருவம் ஆரம்பிச்சதுல இருந்து." அவன் வலையின் நூலைச் சுண்டிக்கொண்டிருந்தான். "போன வருஷம் வலை காலியா கிடந்தப்போ நீ எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சோறு இறங்கலை உனக்கு. ஒரே ஒரு நாள் வச்சுப் பார்ப்போம்னுதான் வச்சேன். அன்னைக்கு நீ சிரிச்ச. அப்புறம் எப்படி எடுக்கறது?"

"என்னை வச்சே என்னை ஏமாத்தியிருக்க. அது நான் எடுத்த பாட்டு."

"நல்லா எடுத்த பாட்டு" என்றான் அவன்.

"வடக்குக் காயலுக்கும் வாய்க்கால் வெட்டச் சொல்லப்போறேன்னு தெரியுமில்ல? அங்க இருக்கற உள்ளான் எல்லாம் எங்க போகும்?"

"இன்னைக்கு மட்டும் வாயைத் திறக்காத குள்ளி. யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லிடலாம். மெதுவா பூசி மெழுகிடலாம்."

அவள் ஒலிபெருக்கிப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வளையமிடும் அறையில் தராசும் இடுக்கியும் ஒதுக்கப்பட்டு, மேசைமேல் விரிப்பு போடப்பட்டிருந்தது. அண்ணி கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வாடி வளையல்காரி. இன்னைக்கு உனக்கே யாராவது மாலை போடப்போறாங்க" என்றவள், மேசைமேல் வைக்கப்பட்ட பையைக் கண்டதும் துணியைக் கீழே வைத்தாள்.

"நீங்க தைச்சதுதானே அண்ணி?"

"அளவு குடுத்தாங்க, தைச்சேன்."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டேன். சொன்னாங்க." அண்ணி பொய் சொல்லத் தெரியாதவள், அதனால்தான் இத்தனை நாள் எதுவும் சொல்லாமலே இருந்திருக்கிறாள். "தினமும் உன்கிட்டச் சொல்லிடணும்னுதான் நினைப்பேன். நீ பாடிக்கிட்டே சாப்பிட வருவ. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரே மேசையில் மூவரும் உண்ட அத்தனை வேளைகளும், ஒவ்வொன்றாய், வேறு முகம் காட்டின. தான் வாய் ஓயாமல் குருவிக் கதை சொன்னபோது எதிரே இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தன் மகிழ்ச்சியைக் குழந்தைக்குப் பொம்மை கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

குழு வந்தது. தலைவி ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர். சிரிப்பைச் சிக்கனமாய்ச் செலவழிப்பவர். உடன் இருவர். தேநீர் ஊற்றப்பட்டது. அண்ணன் வாய்க்காலைப் பற்றிப் பேசினான், நன்றாகவே பேசினான். பிறகு தலைவி அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. வடக்குலயும் தண்ணி விடலாமா?"

"வேண்டாம்" என்றாள் அவள். "இங்கயே குருவி தானா வரலை. நாங்க கூப்பிட்டோம். நாணலுக்குள்ள பாட்டுப் போட்டு இறக்கினோம்."

அவள் 'நாங்க' என்றுதான் சொன்னாள். அந்தச் சொல்லுக்குள் அண்ணனுக்கும் ஓர் இடம் விட்டிருந்தாள். அவன் வந்து பக்கத்தில் நின்றால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். குழுத்தலைவியிடம், குரலைத் தாழ்த்தி, பரிவோடு சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளாவே சரியா தூங்கறதில்லை. வேலை வேலைன்னு உடம்பைக் கெடுத்துக்கறா. அப்பப்ப இப்படித்தான் தன்னையே குறை சொல்லிக்குவா."

காலையில் நாணலுக்குள் கண்டதைக்கூட ஒருவேளை அவளால் என்றேனும் மன்னிக்க முடிந்திருக்கும். இதற்கு அவளிடம் பெயர் இல்லை. நேற்றுவரை தன்னைத் தூங்கச் சொன்ன அதே குரல், அதே கனிவு, ஓர் எழுத்து மாறவில்லை.

பையிலிருந்து ஒலிபெருக்கியை எடுத்து விரிப்பின்மேல் வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

குருவி பாடியது. மூடிய அறைக்குள் அந்தப் பாட்டு அளவுக்கு மீறிப் பெரிதாய்க் கேட்டது. பிறகு நின்றது. கதவு கிறீச்சிட்டது.

"நடுவுல என்ன சத்தம் அது?" என்றார் தலைவி.

"இங்க முன்ன இருந்த இரும்புக் கதவு. எங்க பொறுப்பாளர் உள்ள வர்றார்."

அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிதான் எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தினாள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று அவள் தேடவேண்டியிருக்கவில்லை.

தலைவி எழும்போது, "வடக்கை யாரும் தொட வேணாம்" என்றார். வாசலில் அவளிடம் மட்டும் சொன்னார்: "வலையை எடுத்துடாதீங்க. எது வருதோ அதை அப்படியே சொல்லுங்க, போதும்."

அவர்கள் போனபின் அண்ணன் ஒரே ஒரு முறை பேசினான். "உனக்காகத்தான் செஞ்சேன். நீ நாலு பேர் முன்னாடி என் முகத்துல கரியைப் பூசிட்ட."

"எனக்காகன்னு சொல்லாத. அதை மட்டும் சொல்லாத" என்றாள் அவள்.

மறுநாள் வலையை அவளே விரித்தாள். நாணலில் காற்று மட்டும் இருந்தது. தலைக்குமேல் எங்கோ உயரத்தில் 'சக்', 'சக்' என்று குருவிகள் கடந்துகொண்டிருந்தன, ஒன்றும் இறங்கவில்லை. போகட்டும் என்று நினைத்தாள். எங்கே இரை இருக்கிறதோ அங்கே போகட்டும். தன் வாய்க்காலும் தன் நாணலும் அவற்றுக்கு இன்னும் போதவில்லை என்பதை அந்தச் சத்தம் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. ஒரு பருவம் முழுக்க அவளிடம் உண்மை பேசியது அது ஒன்றுதான்.

வெயில் ஏறுமுன் ஒரே ஒரு குருவி விழுந்தது. மேல் அடுக்கில்.

மூங்கில் தடுப்பருகே அண்ணன் நின்றிருந்தான். பழக்கத்தில் வந்துவிட்டானோ என்னவோ, தோளில் பைகள்கூட இருந்தன. "குள்ளி, மேல ஒண்ணு" என்றான். அவள் சொல்லவேண்டியதை அவன் சொன்னான். சொல்லிக்கொண்டே பலகையில் நாலடி வந்து, கையை உயர்த்தினான்.

அவள் கம்பத்தருகே போனாள். வலையைக் கம்பத்தோடு பிணைக்கும் கயிற்று வளைவுகள் இறுகக் கட்டியவை அல்ல. தள்ளினால் வழுக்கிக் கீழே வரும். இது முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்தும், இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் அவள் தள்ளியதில்லை. அவனைக் கூப்பிடுவது அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது தள்ளினாள். மேல் அடுக்கு இறங்கி அவள் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. முதலில் கால், பிறகு சிறகு, பிறகு தலை என்று நூலை விலக்கினாள். இறகை ஊதிப் பார்த்தாள். கழுத்துக் குழியில் நகத்தளவு மஞ்சள் இருந்தது.

"கொழுப்பு இருக்கா?" என்றான் அண்ணன்.

அவள் வளையத்தை மாட்டி இடுக்கியால் மெல்ல அழுத்தி மூடினாள். குருவி நாணலில் தங்காமல் தெற்கே போயிற்று. வலையை இறங்கிய இடத்திலேயே விட்டுவிட்டு அவள் அடுத்த வலைக்கு நடந்தாள். மேல் அடுக்கு இருந்த உயரத்தில் அவன் கை எதையும் பிடிக்காமல் நின்றது.