விருந்தாளிக்குக் காட்டிய காற்று

எங்கள் கூடத்துப் பெண்களிடம் ஒரு கெட்ட பழக்கம். வெளியாள் யாராவது வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், துடைப்பத்தைத் தூக்கிவிடுவோம். செருப்புத் தொழிற்சாலையில் பசை ஒட்டும் கூடம் எங்களுடையது. அடிப்பாகத்திலும் மேல்தோலிலும் பசை தடவி, காயவைத்து, ஒட்டி, அடுத்த கூடத்துக்குத் தள்ள வேண்டும். மொத்தம் பன்னிரண்டு பேர். நான் மூன்றாவது மேசை. நான்காவது மேசையில் என் நாத்தனார். ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர்.

சில்வண்டு மூன்று மாதமாக முழுகாமல் இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் பசை வாடையில் அவளுக்குத் தலை சுற்றியது. எங்களுக்கும் தினமும் தலை வலிக்கத்தான் செய்யும். அதைத் தலையெழுத்து என்று விட்டிருந்தோம். சில்வண்டைப் பார்த்த டாக்டர் அப்படி விடவில்லை.

"அங்க காத்துல என்ன கலந்திருக்குன்னு அளந்து, பேப்பர் வாங்கிட்டு வாங்க. சரியா இருந்தா வேலைக்குப் போகலாம். இல்லேன்னா அந்த ரூம் பக்கமே போகக் கூடாது."

சில்வண்டுக்கு அந்த வேலை என்றால் உயிர். ஒன்பது வருஷத்தில் அவள் ஒட்டிய ஒரு ஜோடிகூட வாய் பிளந்து திரும்பி வந்ததில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று புலம்பினாள். நான் நேராக மேனேஜரிடம் போய்க் கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வியாழக்கிழமை அளக்க வருகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்.

அவ்வளவுதான். புதன்கிழமையே மேசைகளைச் சுரண்டித் துடைத்தோம். பசை டின்களுக்கு மூடி தேடிப் போட்டோம். பசை துடைத்த துணிகளைப் போடும் வாளி சில்வண்டின் காலடியில் எப்போதும் வழிந்து கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே மறைத்தோம். காற்றடித்தால் பசை மேல் ஏடு கட்டிவிடும் என்று வருஷக்கணக்கில் சாத்தியே கிடந்த ஜன்னல்களைத் திறந்து, கண்ணாடியைக்கூடப் பளபளவென்று ஆக்கினோம். முன்னால் நின்று எல்லோரையும் விரட்டியது அதிமேதாவியான நான்தான்.

மறுநாள் காற்றை அளக்கும் அம்மா வந்தார்; மீட்டரம்மா என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். கையில் டார்ச் லைட் அளவுக்கு ஒரு கருவி, அதன் முனையில் மெல்லிய குழாய். காற்றை உறிஞ்சி, அதில் பசையின் ஆவி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். ஐம்பதைத் தாண்டினால் அலறும் என்றார். மேசை மேசையாக நீட்டிக்கொண்டே வந்தார். சில்வண்டின் முகத்தருகே பிடித்தபோது நான்கு.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா? நம்ம காத்து பூங்காத்து!"

சில்வண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். "அண்ணி, நாலு! வெறும் நாலு! இனிமே அந்த டாக்டர் வாயே திறக்க முடியாது!"

நானும் துள்ளியிருக்க வேண்டும். எனக்கோ அந்த எண் மேல் நம்பிக்கை வரவில்லை. கண் சொருகி மேசையில் சாய்கிறவளைத் தினமும் தாங்கிப் பிடிக்கிறவள் நான். வெறும் நான்கு இவளை எப்படிச் சாய்க்கும்? மீட்டரம்மா பேனாவைத் திறந்தார். அதை எழுதிவிட்டால், மீதி மாதமெல்லாம் இவள் இதே நாற்காலியில் உட்காருவாள்.

"எழுதாதீங்க மேடம்," என்றேன். "நாங்க உங்களை ஏமாத்திட்டோம்."

மீட்டரம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது நாங்க சுவாசிக்கிற காத்து இல்ல. நீங்க வர்றீங்கன்னு ஜோடிச்சு வச்ச காத்து."

"அண்ணி, உங்களுக்கு என்ன ஆச்சு?" சில்வண்டு என் கையை உதறினாள். "என் வேலை போயிரும்!"

"போனா போகட்டும். நீ எனக்கு வேணும்டி."

அவளைச் செருப்புகளைப் பெட்டியில் போட்டுக் கட்டும் அறைக்கு அனுப்பிவிட்டேன். முறைத்துக்கொண்டே போனாள். ஜன்னல்களைச் சாத்தினோம், மூடிகளைக் கழற்றினோம், வாளியைப் பழைய இடத்திலேயே வைத்தோம். மீட்டரம்மா எங்களுக்கு முகமூடி கொடுத்து, வழக்கம்போல வேலை செய்யச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் இருபது, முப்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று ஏறியது. சில்வண்டின் நாற்காலிக்கு அடியில் குனிந்து வாளிப்பக்கம் நீட்டினார். அலறியது பாருங்கள், காதைப் பொத்திக்கொண்டோம்! அடுத்த நொடியே பதினோரு பேரும் கைதட்டிச் சிரித்தோம். இத்தனை வருஷத் தலைவலிக்கு ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷம். மேனேஜரும் எதற்கென்று தெரியாமல் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்.

மனுஷன் நல்லவர்தான். மீட்டரம்மா எழுதிக் கொடுத்தபடி வாளிக்கு மூடி போட்டார். மேசைக்கு மேசை, ஆவியை இழுத்து வெளியே தள்ளும் குழாய் விசிறி மாட்டினார். எல்லாம் முடியப் பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் சில்வண்டு பெட்டிதான் கட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை மீட்டரம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மேசையெல்லாம் பிசுக்கு, தரையெல்லாம் தோல் துண்டு. எனக்கு மானம் போயிற்று. அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. வேலை நடக்க நடக்க நான்காவது மேசையில் இரண்டு தடவை அளந்தார். இரண்டு தடவையும் ஆறு. பொய் நாலைவிட இந்த ஆறு எனக்கு இனித்தது.

பேப்பரை வாங்கிக்கொண்டு பெட்டி அறைக்கு ஓடினேன். "ஆறுடி! நிஜமான ஆறு! போய் டாக்டர்கிட்ட காட்டு!"

சில்வண்டு வாங்கி ஒரு தடவை படித்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"உங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகல அண்ணி," என்றாள். "ஆனா பொறக்கிற குழந்தைக்கு உங்க வாய் அப்படியே வரணும்."

அத்தனை பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் ஓவென்று அழுதேன்.