செபப்புத்தகத்துக்குள் கடைசித் தாள்

சண்டைக் காலத்தில் நூலகம் மூடிக்கிடந்தது. வாவியோரத்து வீடுகளில் செபமாலைக்காக மாதா சுரூபம் வீடு வீடாகப் போய்வந்த கூடைக்குள் ஒரு நாவலும் போய்வந்தது. முதல் காதலை மறக்க முடியாமலே ஊரைவிட்டுப் போன ஒருவனின் கதை. படித்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். முதலில் படித்த ஞானமலரோ கடைசித் தாளைப் பிரிய மனமில்லாமல், கிழித்துத் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

சுற்று முடிந்து கூடையைத் திரேசம்மா ஞானமலர் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வலை வீசப் போன அவள் புருஷன் மாதமாகியும் இன்னும் திரும்பவில்லை.

"மச்சாள், கடைசித் தாளைக் காணல்ல. வீடு வீடா ஓடுப்பட்டுத் திரியக்குள்ள கழண்டு விழுந்திருக்கும். பெண்டுகள் ஆளுக்கொரு முடிவு சொல்றாளுகள். ஒருத்தி கலியாணமே கட்டி வெச்சிட்டாள், புள்ளைக்குப் பேர் வைக்கிறதுதான் மிச்சம்!" சிரித்தவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க முழுசாப் படிச்சீங்கதானே. அவன் திரும்பி வந்தானா?"

ஞானமலர் செபப்புத்தகத்திலிருந்து தாளை எடுத்து, தலை குனிந்தபடி நீட்டினாள்.

திரேசம்மா நின்றபடியே வாசித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"வந்திருக்கான், மச்சாள்."

தாள் அங்கே எப்படி வந்தது என்று அவள் கேட்கவேயில்லை.

"ரெண்டு சோத்துப் பருக்கை கொண்டாங்க, ஒட்டிருவம். ஆரும் கேட்டா, கிடைச்சிட்டு எண்டு மட்டும் சொல்லுவன்."

அவள் ஏசியிருந்தால் ஞானமலர் தாங்கியிருப்பாள். அடுப்படியில் சோற்றுப்பானையைத் திறந்தவள், வெளியே வர வெட்கப்பட்டு அங்கேயே நின்றாள்.