காபி நிறுத்திய மூன்று மாதம்

"காபியை அடியோடு நிறுத்திவிட்டாள், டாக்டர். மூன்று மாதமாகிறது. துணைக்கு நானும் நிறுத்திவிட்டேன்" என்று தமிழ் தெரியாத டாக்டரிடம் ராம்கி ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னான். கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. என் புருஷனுக்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும்.

எனக்கு வந்திருப்பது முடக்குவாதம். வயது முப்பத்தாறுதான். காலையில் எழுந்தால் பத்து விரலும் மடங்கியபடியே நிற்கும். பிரஷ் பிடிக்க முடியாது, பொத்தான் போட முடியாது. ராம்கி ஒரு பேசினில் வெந்நீர் வைத்து, என் இரண்டு கைகளையும் அதில் முக்கிவிடுவான். அரை மணி நேரம் அப்படியே உட்கார வேண்டும். ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் ஓட்ட முடியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் ஸ்நேஹா பொறுமையாக விளக்கினார். உடம்பில் எங்காவது வீக்கமும் எரிச்சலும் வந்தால் செல்கள் அடினோசின் என்று ஒன்றை வெளியே விடுமாம். அது வெள்ளணுக்களின் மேல் தனக்கென்று இருக்கிற ஏற்பி என்ற இருக்கையில் போய் உட்கார்ந்து, போதும் நிறுத்து என்று சொல்லுமாம். மூட்டு அரிக்கப்படாமல் தப்பிப்பது அதனால்தான். நான் வாரம் ஒரு நாள் விழுங்கும் மாத்திரை அந்த அடினோசினைக் கூட்டுகிறது. காபியோ நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவனைப் போல அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தானும் எதுவும் சொல்லாது, வந்தவரையும் உட்கார விடாது. "எல்லா ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் நாளைக்கு ஐந்து கப் என்கிறீர்களே, நிறுத்திப் பார்ப்போம்" என்றார்.

அன்றைக்கே ராம்கி ஃபில்டரைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டான். "உனக்கில்லாத காபி எனக்கெதுக்கு, பாரு?" என்றான். ஒரு வாரம் தலைவலியில் சுருண்டு கிடந்தான். நான்தான் விறைத்துப்போன விரல்களால் தைலம் தேய்த்துவிட்டேன்.

நான் தாங்கியது ஒன்பது நாள். பத்தாம் நாள் கராடியில் இருக்கிற என் ஆபீஸில் மீட்டிங்குக்கு ஆள் காத்திருக்க, கீபோர்டில் ஒரு விரல் நகரவில்லை. மெஷினில் ஒரு கப் பிடித்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது, ஆனாலும் உயிர் வந்தது. ஒன்று நாலாயிற்று. சாயங்காலம் ஏலக்காய் மென்றுவிட்டு வீட்டுக்குப் போவேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

டாக்டர் இப்போது எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். வலது மணிக்கட்டில் எலும்பு அரிக்க ஆரம்பித்திருந்தது. "காபியை விட்டும் பலனில்லை, மாத்திரை தோற்றுவிட்டது. ஊசிக்குப் போய்விடலாம்" என்றார். அந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். கல்லூரிக் காலத்தில் எனக்கு டி.பி. வந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டிருக்கிறேன். அது திரும்பத் தலைதூக்கலாம், பரிசோதனை செய்துகொண்டு ஜாக்கிரதையாகப் போடலாம் என்று சொல்லியபடியே எழுத ஆரம்பித்தார்.

சொன்னால் ராம்கிக்கு என்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால், தேவையே இல்லாத ஊசி அந்தப் பழைய சனியனை எழுப்பிவிடலாம். என் நாற்காலி சுவருக்கும் மேஜைக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருந்தது. ராம்கி என் கைமேல் கை வைத்தான், வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு. அதுதான் தாங்கவில்லை.

"டாக்டர், நான் நிறுத்தவில்லை. ஆபீஸில் தினம் நாலு கப்."

பேனா நின்றது. "அப்படியானால் மாத்திரைக்கு இன்னும் வாய்ப்பே கொடுக்கவில்லை. காபிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். டோஸைக் கூட்டி ஆறு வாரம் பார்ப்போம். அதற்குமேல் உங்கள் மணிக்கட்டு காத்திருக்காது" என்றார். ராம்கி கையை எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது நகர் ரோட்டில் வழக்கமான நெரிசல். கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சந்தன் நகர் சிக்னலில் ராம்கி பிரேக்கை அழுத்தினான்.

"உனக்குத் துணையா இருக்கேன்னு நெனச்சிண்டு இருந்தேன், பாரு. நான் மட்டும்தான் நிறுத்தியிருக்கேன்."

இறங்கி எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. கார்க் கதவின் கைப்பிடியை இழுக்கக்கூட எனக்கு விரல் வராது. சிக்னல் தாண்டி ஒரு கடையில் நிறுத்தி, ஏதோ பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை பேசின் வழக்கம்போல வந்தது. கைகளை முக்கிவிட்டான். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி ஃபில்டரை இறக்கினான். பொட்டலத்தைப் பிரித்துப் பொடி போட்டு, டிகாக்‌ஷன் இறங்கும்வரை அதன் பக்கத்திலேயே நின்றான். டபராவில் நுரைக்க ஆற்றி, எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குடித்தான்.

"நாளைக்கும் போடுவேன். ஆறு வாரமும் உன் எதிர்லயே உக்காந்து குடிப்பேன். ஒரு தடவைகூட நீ கேக்கலேன்னா, அப்போ நம்பறேன்."

வாசனை கூடம் முழுக்க நிறைந்தது. இரண்டு கையும் தண்ணீருக்குள். மூக்கைப் பொத்திக்கொள்ளக்கூட வழியில்லை. ஒரு வாய் கொடுடா என்பது பல் வரைக்கும் வந்துவிட்டது.

"தண்ணி ஆறிடுத்து. கொஞ்சம் வெந்நீர் விடு" என்றேன்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்து ஊற்றினான்.