ரயில்வே கேட்டில் ஏழு நிமிடம்

"மூச்சப் புடிச்சுக்கோங்க அண்ணி, வேகத்தடை வருது."

"ஏறிட்டியா?"

"இன்னும் இல்ல."

"இப்போ?"

"முன் சக்கரம் ஏறிடுச்சு. பின் சக்கரம் யோசிக்குது."

பின்சீட்டில் இருந்தவள் மடியிலிருந்த மரப்பெட்டியை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கார் மெல்ல எழுந்து மெல்ல இறங்கியது. பெட்டியின் மூடியில் பதித்திருந்த, மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழி இடப்பக்கம் நகர்ந்தது, வலப்பக்கம் நகர்ந்தது, பிறகு நடுக்கோட்டுக்கு வந்து நின்றது. அது நின்ற பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பின்னால் ஒரு லாரி பொறுமையிழந்து ஒலியெழுப்பியது. ஓட்டிக்கொண்டிருந்த நாத்தனார் தலையை வெளியே நீட்டி, "அவசரம்னா மேல பறந்து போங்க சார்!" என்று கத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டில் நாத்தனாருக்கு வானொலி என்று பெயர். காலையில் கண் விழித்ததிலிருந்து நிலையம் மூடும் நேரம் வரை வாய் ஓயாது. ஆனால் வாடகைக் கார் ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆய்வகத்தின் சொந்த வண்டி தவளைபோலத் துள்ளும் என்பதால், அண்ணிதான் பொறுப்பாளரிடம் பேசி இவளை ஏற்பாடு செய்திருந்தாள். ஆய்வகம் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, புதிய கட்டடத்துக்கு, இடம் மாறிக்கொண்டிருந்தது. மேசைகள் போய்விட்டன, மானிகள் போய்விட்டன. இதைப் போன்ற மூன்று பெட்டிகள் வாரத்துக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. இதுதான் கடைசி.

"அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள? ஒரு மாசமா வீட்ல பெத்த புள்ளையக்கூட இப்படிப் பாக்கலை நீங்க."

"செல். மின்கலம்."

"பேட்டரியா? அதுக்கா இந்த ஊர்வலம்? ஒரு டார்ச் லைட் எரியுமா இதுல?"

"எரியாது. எரிய வச்சா கெட்டுப்போயிடும். இதுலேருந்து எதையும் எடுக்கக் கூடாது. சும்மா வச்சு, இதோட வோல்ட்டப் பாத்து மத்த மீட்டரையெல்லாம் சரி பண்ணுவோம்."

"அதாவது இது ஒரு வேலையும் செய்யாம உக்காந்திருக்கும். மத்தவங்கல்லாம் இதப் பாத்து நடக்கணும்."

"ஆமா."

"எங்கண்ணன் மாதிரின்னு சொல்லுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் பெட்டி குலுங்கும். உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

பெட்டிக்குள், பஞ்சுக்கும் தெர்மாக்கோலுக்கும் நடுவில், ஒரே படி வைத்த ஏணி போன்ற வடிவில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. இரண்டு கால்கள், நடுவே அவற்றை இணைக்கும் ஒரு கை. ஒரு காலின் அடியில் பாதரசம், அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பசை. மறு காலின் அடியில் காட்மியம் கலந்த பாதரசம். இரண்டின் மேலும் நிறமற்ற உப்புப் படிகங்கள், அவற்றைச் சூழ்ந்து தெளிந்த உப்புக் கரைசல். அவ்வளவுதான். ஆனால் ஒரு வோல்ட்டும் அதற்கு மேல் கொஞ்சமும், பதினொரு வருடமாக, ஒரு மயிரிழை மாறாமல் அது சொல்லி வந்திருக்கிறது. கடைக்காரரின் தராசுக்கு எடைக்கல் எப்படியோ, ஊரிலுள்ள வோல்ட் மீட்டர்களுக்கு இந்த நான்கு செல்களின் சராசரி அப்படி. நான்கிலும் நிலையானது இதுதான்.

உள்ளே எல்லாம் உறைந்து கிடக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவளுக்கு இதில் பிடித்ததே அது அப்படி இல்லை என்பதுதான். உலோகத்திலிருந்து ஓர் அயனி கரைசலுக்குள் இறங்குகிற அதே நொடியில், கரைசலிலிருந்து வேறோர் அயனி உலோகத்துக்குத் திரும்புகிறது. ஒரு படிகத்தின் முனை கரைகிறது, இன்னொன்றின் முனை வளர்கிறது. போகிறவர்களும் வருகிறவர்களும் எப்போதும் சரிசமம். அதனால் வெளியே ஒரு மாற்றமும் தெரிவதில்லை. சமநிலை என்ற சொல்லைப் பள்ளியில் கேட்டபோது அவள் மனதில் எழுந்தது, பூட்டிய ஒரு வீடு. இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு அது கதவே இல்லாத ஒரு வீடாக மாறிவிட்டது.

ஆனால் சாய்க்கக் கூடாது. சாய்ந்தால் பசையும் பாதரசமும் இடம் மாறும், அடுக்குகள் கலங்கும், அதன் பிறகு அது சொல்வதை நம்ப முடியாது. துணைக்கு ஒருவரை அனுப்பவா என்று பொறுப்பாளர் கேட்டபோது, "வேணாம் சார், நான் மட்டும் போதும். மடியிலேயே வச்சு எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்ன கையோடு மூன்று இரவுகள் தூக்கம் போய்விட்டது.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

நாத்தனார் எஞ்சினை அணைக்கவில்லை. ஏசி காற்று வேண்டும் என்று அண்ணிதான் சொல்லியிருந்தாள், பெட்டி சூடாகக் கூடாது என்று. நாத்தனாரின் போன் அடித்தது. "இதோ தெருமுனைக்கு வந்துட்டேன் மேடம், ரெண்டே நிமிஷம்" என்றாள், ஊரின் அந்தப் பக்கம் எங்கேயோ காத்திருந்த யாரிடமோ. போனை வைத்துவிட்டு, "பாவம், உண்மையச் சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க" என்று விளக்கமும் கொடுத்தாள். எங்கண்ணன் குறட்டையே விடமாட்டான் என்று கல்யாணத்துக்கு முதல் நாள் சத்தியம் செய்தவள் அவள்.

எதிர் வெயிலில் தண்டவாளம் மினுங்கியது. ஏசியின் ரீங்காரம். கேட்டின் சிவப்பு விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்தது.

அவள் ஒரு கரையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னே வெள்ளியை உருக்கி ஊற்றியது போல் ஓர் ஏரி. வானமே தண்ணீராக இருந்தது, அல்லது தண்ணீர்தான் வானமாக இருந்தது. ஏரிக்குள்ளிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள், நனையாத உடையோடு. எழுந்து வந்தவர்கள் அந்தத் தண்ணீர் வானத்துக்குள் நடந்து போனார்கள். அங்கிருந்து வேறு சிலர் வந்து, படியிறங்குவது போல் ஏரிக்குள் இறங்கினார்கள். யாருக்கும் அவசரமில்லை. கண்ணாடி போன்ற பாறைகள் ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்ந்தன. பாறைமேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி, பாறை கரையக் கரைய, எழுந்திருக்காமலேயே பக்கத்துப் பாறைக்கு மாறிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீங்க?" என்று ஒருவரிடம் கேட்டாள்.

"அந்தப் பக்கம்."

"அப்புறம்?"

"இந்தப் பக்கம்."

எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்டுவிட்ட குழந்தையைப் பார்ப்பது போல் அவர் அவளைப் பார்த்தார். அவளும் அவர்களோடு இறங்கலாமா என்று யோசித்தாள். அப்போது ஏரி ஒரு பக்கமாக உயர்ந்தது. சத்தமே இல்லாமல், கிண்ணத்தை யாரோ கையில் எடுத்தது போல். நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நின்று, அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரயிலின் கடைசிப் பெட்டி தடதடத்துப் போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது பெட்டி மடியில் நேராகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய வலது கை பெட்டிமேல் இல்லை, சீட்டில் விழுந்து கிடந்தது. குமிழி நடுக்கோட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, நின்றது. ரயிலின் அதிர்வாக இருக்கலாம். குமிழிக்கு இந்த நொடி மட்டும்தான் தெரியும். போன நொடியைக் கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

நாத்தனார் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சீட் பெல்ட்டை அப்போதுதான் மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வந்தபோது அவள் பெல்ட்டைக் கழற்றினாளா, இல்லையா? நினைவில்லை.

"நான் தூங்கிட்டேனா?"

"ஏழு நிமிஷம் கேட் மூடியிருந்துச்சு அண்ணி" என்றாள் வானொலி. அதற்குப் பிறகு புதிய கட்டடம் வரும் வரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

புதிய அளவை அறையில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பொறுப்பாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் மின்கலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, எண்ணெய்த் தொட்டிக்குள், மூன்று துணைகளுக்குப் பக்கத்தில் இறக்கினாள். சூடும் குளிரும் மாறாத அந்த எண்ணெயில் அது இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்தது. பிறகு பொறுப்பாளர் அதை இன்னொரு செல்லோடு எதிரெதிராகக் கோத்தார். சமபலத்தோடு கயிறு இழுக்கும் இருவரைப் போல, ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கும்; மிச்சமிருக்கும் வித்தியாசம் மட்டும் தெரியும். நான்கும் பழைய கட்டடத்தில் ஒன்றாக இருந்தபோது எடுத்த வித்தியாசம் குறிப்பேட்டில் இருந்தது.

"நாலு மைக்ரோவோல்ட் தள்ளியிருக்கு" என்றார்.

அவள் குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பழைய எண்ணைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க மேடம். மடியில எப்படி வச்சிருந்தீங்க?"

அவள் காற்றில் ஒரு பெட்டியை அணைத்துக் காட்டினாள்.

"வயித்தோட சேர்த்தா? அந்தப் பக்கம் ஏசியா?" அவர் சிரித்துவிட்டார். "யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்றது சரிதான். சாயக் கூடாதுன்னே நெனச்சு, சூட்ட மறந்துட்டீங்க."

சொல்லித் தெரிய வேண்டியதில்லை அவளுக்கு. ஒரு கால் மட்டும் சூடானால் வோல்ட் ஏறும், மறு கால் மட்டும் சூடானால் இறங்கும். இரண்டும் சேர்ந்து சூடானால் ஒன்றை ஒன்று ஏறக்குறைய அழித்துவிடும். அவளோ ஒரு காலுக்குத் தன் உடம்புச் சூட்டையும் மறு காலுக்குக் குளிர்காற்றையும் ஒன்றரை மணி நேரம் கொடுத்திருக்கிறாள். பதினொரு வருடம் வேலை செய்த ஒருத்தி!

"சூடுன்னா தானா திரும்பி வந்துடும் இல்லையா சார்?"

"வந்துடும். ஒரு மாசம் தொட வேண்டாம். சாஞ்சிருந்தாத்தான் கஷ்டம். அது திரும்பி வந்த மாதிரி காட்டும், அப்புறம் எப்ப நழுவும்னு தெரியாது. சராசரிக்குள்ள உக்காந்துக்கிட்டு, எல்லா மீட்டரையும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே போகும்." காதில் செருகியிருந்த பேனாவைச் சட்டைப்பையில் தேடிவிட்டு, காதிலிருந்தே எடுத்து நீட்டினார். "உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

தாளில் ஒரே ஒரு வாக்கியம் அச்சிட்டிருந்தது. பயணம் முழுவதும் மின்கலம் நிமிர்ந்த நிலையிலேயே இருந்தது: ஆம், இல்லை. ஆம் என்றால், ஒரு மாத ஓய்வு, பிறகு நால்வரில் ஒருவர். இல்லை என்றால், இன்றே வெளியே எடுத்து, பாதரசத்தைத் தனியாகப் பிரித்து, கண்ணாடியை உடைத்துவிட வேண்டியதுதான். தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லை.

மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. சூடா சாய்வா என்று இன்றைக்கு அதற்கும் தெரியாது.

"அஞ்சு நிமிஷம் சார்."

"தாராளமா."

வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில், நாத்தனார் ஈரத்துணியால் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே பளபளவென்றிருந்த கண்ணாடி. மேடமோ யாரோ காத்திருக்கும் தெருமுனைக்கு, இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியும், அவள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு? செத்துப்போச்சா?"

"இல்ல."

"அப்புறமென்ன, வாங்க, காபி குடிக்கலாம்."

"கேட்ல நான் தூங்கினப்போ" என்றாள் அவள், "பெட்டி சாஞ்சுதா?"

நாத்தனார் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டி நிற்கும் வரை பிழிந்தாள்.

"சாஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"ஒடச்சுடுவாங்க."

"சாயலைன்னா?"

"உள்ளேயே இருக்கும்."

"உங்களை ஏதாவது சொல்லுவாங்களா?"

"அது வேற விஷயம்."

"அது எப்படி வேற விஷயம்?" நாத்தனாரின் குரல் தாழ்ந்தது. "பதினோரு வருஷம் அண்ணி. எனக்குத் தெரியாதா? என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க, சொல்லிடறேன். மேல வந்து அந்த ஆள்கிட்டயே வேணும்னாலும் சொல்றேன். என் பேச்சை யாராவது இதுவரைக்கும் நம்பாம இருந்திருக்காங்களா?"

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்தாள். ஈரமாகவும், ஒரு பக்கம் வெயில்பட்டுச் சூடாகவும் இருந்தது அந்தக் கை. உள்ளே, பெயின்ட் வாசனை அடிக்கும் அறையில், எண்ணெய்க்குள் நான்கு செல்களும் சத்தமில்லாமல் தங்கள் போக்குவரத்தை நடத்திக்கொண்டிருக்கும். பொறுப்பாளர் பேனாவை மறுபடி எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்.

"எனக்காக எதுவும் யோசிக்காதடி" என்றாள். "நான் நல்லா இருக்கணும்னும் நெனைக்காத, அது பொழைக்கணும்னும் நெனைக்காத. கண்ணாடியில நீ என்ன பாத்தியோ, அத மட்டும் சொல்லு."