அண்ணன் இழுத்த பால்

எட்டாம் மாதம் தொடங்கியதுமே வள்ளிக்கண்ணுவுக்கு வலி கண்டுவிட்டது. உறையூரிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து திருச்சி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தான் அவள் புருஷன் வீரமலை. பிறந்த பெண்ணைப் பார்த்தவர்களெல்லாம் ‘உச்’ கொட்டிவிட்டுப் போனார்கள். வள்ளிக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சு இருக்கிறது, கை கால் இருக்கிறது, உச் கொட்ட என்ன இருக்கிறது?

குறை ஒன்றுதான். குழந்தைக்குப் பால் குடிக்கத் தெரியவில்லை. மார்பில் வைத்தால் இரண்டு முறை வாயை அசைக்கும், களைத்துத் தூங்கிவிடும். பீச்சிய பாலைப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். ஆனால் பிள்ளை இழுக்காத மார்பு எத்தனை நாள் சுரக்கும்? பாலாடை நிறைந்த காலம் போய், அதன் அடியை நனைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

“பால் நிக்கிறதுக்குள்ள இவ குடிக்கக் கத்துக்கணும்மா” என்றாள் நர்ஸ் லூர்துராணி. வீரமலை ஸ்ரீரங்கம் போய்த் தாயார் சன்னதியில் வேண்டிக்கொண்டு மஞ்சள்காப்போடு வந்தான். பிழைத்தால் ரங்கநாயகி என்று பெயர் வைப்பதாக வேண்டுதல். அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட வள்ளிக்கண்ணுவுக்குப் பயம்.

பக்கத்துக் கட்டிலில் தென்னூர் ஷரபுன்னிசா. வள்ளிக்கண்ணுவின் பெண்ணுக்கு ஒரு நாள் முன்னே ஆபரேஷன் செய்து பிறந்த ஆண்பிள்ளை. தாய்க்கு விடாத காய்ச்சல், பால் இறங்கவில்லை. பிள்ளையோ கொழுகொழுவென்று இருந்தான். புட்டிப்பால் அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பசியில் அவன் கத்தினால் வார்டே எழுந்து உட்காரும்.

“வள்ளிக்கண்ணு, அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் குடுக்கிறியாம்மா?” என்று லூர்துராணி கேட்டாள்.

“எம் பொண்ணுக்கே பத்தலையே சிஸ்டர். இவன் ஒரே மூச்சுல உறிஞ்சிட்டான்னா?”

“கேக்காதீங்க சிஸ்டர். அது அவங்க புள்ளைக்கு உள்ளது” என்று சொல்லிவிட்டு ஷரபுன்னிசா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிள்ளை மறுபடி கத்தினான். அவன் கத்தக் கத்த வள்ளிக்கண்ணுவின் ரவிக்கை நனைந்தது. எவ்வளவு பீச்சினாலும் வராத பால், யாரோ பெற்ற பிள்ளையின் அழுகைக்கு வருகிறதே என்று அவளுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடேயே எழுந்துபோய் அவனைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள்.

அப்பா, என்ன இழுப்பு! கன்று முட்டிய பசுபோல அவள் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. அவன் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் தானாகச் சொட்டியது. லூர்துராணி ஓடிப்போய்ப் பெண்ணைத் தூக்கிவந்து அந்தப் பக்கம் வைத்தாள். இழுக்க வேண்டிய சிரமமே இல்லாமல் வாயில் பால் விழுந்தது. குழந்தை விழுங்கியது. அடுத்த சொட்டுக்கு நாக்கை நீட்டியது.

அன்று முதல் இருவரும் ஆளுக்கொரு பக்கம். பால் குறையும் என்று பயந்தாளே, நாளுக்கு நாள் கூடியது. பெண்ணும் தானாக நாலைந்து முறை இழுக்கப் பழகினாள். ஆனால் அவன் பக்கத்தில் இருந்தால்தான். இல்லாவிட்டால் பழைய கதைதான், தூக்கம்.

ஷரபுன்னிசாவுக்குக் காய்ச்சல் விட்டது, பாலும் இறங்கியது. வீட்டுக்காரர் குதிரைவண்டியோடு வந்துவிட்டார். அவள் வள்ளிக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எங்க மார்க்கத்துல பால் குடுத்தவங்களும் தாய்தான். உங்க பொண்ணு இவனுக்குக் கூடப்பொறந்தவ. மாதிரின்னு சொல்லல, கூடப்பொறந்தவளேதான். நீங்க செஞ்சதை மறக்க மாட்டேன்க்கா.”

நான் எங்கே செய்தேன், உன் பிள்ளையல்லவா எனக்குச் செய்தான் என்று நினைத்தாள் வள்ளிக்கண்ணு. அவன் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். பக்கத்துக் கட்டில் காலியானது. வள்ளிக்கண்ணு பெண்ணை மார்பில் வைத்தாள். இரண்டு முறை வாய் அசைந்தது. கண் மூடியது. பாலும் வரவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போது கீழே வண்டியில் ஏற்றும்போது அவன் தொண்டையைத் திறந்தான். வார்டையே எழுப்புகிற அதே குரல் ஜன்னல் வழியாக வந்தது.

வள்ளிக்கண்ணுவுக்கு மார்பு குறுகுறுத்தது. பால் பொங்கி வந்து பெண்ணின் வாயை நிறைத்தது. பெண் விழுங்கினாள், இழுத்தாள், மறுபடி இழுத்தாள். வண்டி நகர்ந்தது. அழுகை தெருவோடு தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. இழுப்பு நிற்கவில்லை.

ஜன்னலைப் பார்த்துக் கும்பிட நினைத்தாள். இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது.

“ரங்கநாயகி” என்று முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். “அண்ணன் போறான்டி. நீ குடி.”