பட்டைக்கு அடியில் பெயிண்ட்

"பம்பை நிறுத்துங்க சார். யார்டுல இருக்கிற எல்லாரையும் வெளியே வரச் சொல்லுங்க."

மேனேஜர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் ஷிப்ட் இன்சார்ஜ். மேனேஜர் இருமினால்கூட "ஆமா சார்" என்பதால் எங்கள் எண்ணெய்க் கிடங்கில் அவருக்கு ஆமாம்சாமி என்று பெயர். அவர் மட்டும் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தார்கள். "லீவு கேளும்மா, நல்ல ஷூ கேளு, ரூமுக்கு ஏசி கேளு. பம்பை நிறுத்துன்னு மட்டும் எந்தக் காலத்திலயும் கேட்காதே" என்றார் மேனேஜர். அன்று சாயங்காலம் அப்பாவும் அதையே சொன்னார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் நான். அங்கே என்ன கற்றிருந்தாலும் அதெல்லாம் இந்த ஒரு கட்டளைக்கு அப்புறம்தான் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

"கப்பல் காத்துக்கிட்டிருக்கு," என்றார் மேனேஜர். "சாயங்காலத்துக்குள்ள ஏழாம் நம்பர் டேங்க்ல இறக்கியாகணும். வேற ஏதாவது?"

"ஏழாம் டேங்குக்குள்ள ஆள் இருக்கு சார்."

"தெரியும். நான்தான் அனுப்பினேன்."

அந்த ஆள் என் அப்பா.

ஏழாம் டேங்கின் கூரை எண்ணெயின் மேல் மிதப்பது. எண்ணெய் ஏற ஏற அதுவும் ஏறும். கூரையின் விளிம்பில் சுற்றிலும் ஸ்டீல் பட்டைகளை போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அவற்றின் மறுமுனை டேங்கின் சுவரை உரசிக்கொண்டே இருக்க வேண்டும். மின்னல் இறங்கினால் பட்டை வழியாகச் சுவருக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் போய்விடும். கூரைக்கும் பட்டைக்கும் நடுவே பெயிண்ட் இருந்தால் வழி அடைபட்டுவிடும். அப்போது மின்சாரம் தாண்டிக் குதிக்கும். குதிக்கிற இடத்தில் பொறி பறக்கும். விளிம்பு முழுக்கப் பெட்ரோல் ஆவி.

எர்த் கம்பியையும் இடிதாங்கியையும் கவனிப்பது என் வேலை. யார்டில் எனக்கு இடிதாங்கி என்றே பெயர் வைத்திருந்தார்கள். மேனேஜர் யார்மேல் கோபப்பட்டாலும் என் தலையில்தான் இறங்கும் என்பது அவர்களுடைய ஜோக். முந்தைய நாள் நான் மீட்டரோடு ஏறி ஏழாம் டேங்கைச் சோதித்தபோது ஒரு பட்டைகூடக் கூரையோடு தொடர்பில் இல்லை. ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில், வாஷருக்கு அடியில், போல்ட் துளையின் உள்பக்கத்தில்கூட வெள்ளைப் பெயிண்ட். மேலே தடித்துக் காய்ந்த திட்டு ஏதுமில்லை, கீழே ஒரு சொட்டு வடியவில்லை. பார்த்த கணமே யார் கை என்று தெரிந்துவிட்டது.

அப்பா பெயிண்ட் மேஸ்திரி. போன கோடையில் தலைமை அலுவலகத்துப் பெரிய மனிதர்கள் கிடங்கைப் பார்க்க வந்தார்கள். ஒரு துரு கண்ணில் படக்கூடாது என்றார் மேனேஜர். வேறொருவராக இருந்தால் மேலோடு ஒரு பூச்சுப் பூசிவிட்டு இறங்கியிருப்பார். அப்பா ஒவ்வொரு பட்டையையும் கழற்றி, துருவைச் சுரண்டி, இரண்டு பக்கமும் பூசி, காயவைத்து, மறுபடி முடுக்கினார். அவருக்கு அரைகுறை வேலை பிடிக்காது. வந்தவர்கள் அவரைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் பட்டமளிப்புப் படத்தைவிட ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது.

பட்டைகளைப் பற்றி ஆமாம்சாமியிடம் நேற்றே சொன்னேன். அவர் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் என்னைக் கூப்பிடவில்லை. காலையில் அப்பாவைக் கூப்பிட்டு, "மேஸ்திரி, நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரங்க வர்றாங்க, நீங்க பூசினதை நீங்களே சுரண்டிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். மதியம் நான் யார்டுக்குப் போனபோது மஞ்சள் ஹெல்மெட் ஒன்று டேங்கின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்குவதைத்தான் பார்த்தேன். மேற்கே வானம் கறுத்துவிட்டிருந்தது. "இடி மழையின்போது டேங்கில் ஏறாதே" என்று படிக்கட்டின் அடியில் பலகை இருக்கிறது. அந்த எழுத்தும் அப்பா எழுதியதுதான்.

"மேகம் அந்தப் பக்கமா போயிடும்," என்றார் மேனேஜர்.

"ஆமா சார், காத்து மாறுது," என்றார் ஆமாம்சாமி.

"எந்தப் பக்கம் மாறுது? எழுந்து ஜன்னல் வழியா பார்த்துச் சொல்லுங்க," என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"இத்தனை வருஷமா இடி இடிக்குதும்மா," மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். "போன வருஷம் மூணாம் டேங்க் மேலயே விழுந்துச்சு. ஒண்ணும் ஆகலையே."

"அதுல பட்டைக்கு அடியில பெயிண்ட் இல்ல சார்."

"யார் பெயிண்ட் அடிச்சா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அவருக்குக் குரலை உயர்த்தத் தேவை வந்ததே இல்லை.

"துரு தெரியக்கூடாதுன்னு சொன்னது நீங்க."

"பெயிண்ட் அடின்னு சொன்னேன். பட்டையைக் கழட்டி அடின்னு சொன்னேனா? இப்ப பம்பை நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கேட்பாங்க. நான் சொல்லியாகணும். மேஸ்திரியோட கான்ட்ராக்ட் அன்னிக்கே போயிடும். வேற கிடங்குலயும் உள்ளே விடமாட்டாங்க. அவர் பொண்ணு நீ. நான் அதைச் செய்யணுமா?"

அப்பாவைக் காப்பாற்றுகிறாராம். நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

"அவர்கிட்ட நான் பேசணும்."

வாக்கிடாக்கியை என் பக்கம் தள்ளினார். கேட்டுக்கு உள்ளே அப்பா எனக்கு மேஸ்திரி, நான் அவருக்கு மேடம். பொண்ணு வேலை செய்யும் இடத்தில் உறவு கொண்டாடினால் மரியாதை போய்விடும் என்று அவரே போட்ட சட்டம்.

"மேஸ்திரி, கீழே இறங்குங்க."

கரகரப்பு. பிறகு இரும்பில் இரும்பு சுரண்டும் சத்தம். "யாரு, மேடமா? கால்வாசிதான் முடிஞ்சிருக்கு மேடம். முடிச்சிட்டு வர்றேன்."

"மேகம் வந்துடுச்சு. இடி விழுந்தா நீங்க நிக்கிற இடத்துலதான் தீ பிடிக்கும்."

"ரெண்டு தூறலுக்கு ஓடினா தொழில் பண்ண முடியுமா மேடம்?"

அதே அலைவரிசையில் யாரோ சிரித்தார்கள். "இடிதாங்கியே பயந்தா எப்படி?" என்றது ஒரு குரல். யார்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றேன். "இறங்கி வாப்பா."

சுரண்டும் சத்தம் நின்றது. அடுத்து வந்த குரலில் மேடம் இல்லை.

"யார் எதிர்ல என்ன பேசுறே? நான் பூசினது தப்புன்னு ஊருக்கே தம்பட்டம் அடிச்சாச்சு. போதாதா? இருபத்தஞ்சு வருஷமா என் வேலையில ஒருத்தன் குறை சொன்னதில்லை. சொல்ல நீ வந்தே. என் காசுல படிச்சிட்டு வந்து சொல்றே. பூசினது நான், சுரண்ட வேண்டியதும் நான். நீ சார்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு சீட்டுல போய் உட்காரு."

மேனேஜர் வாக்கிடாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். முகத்தில் வெற்றிகூட இல்லை. ஒரு சில்லறை வேலை முடிந்த களைப்புதான் இருந்தது. அப்பாவைக் கட்டிப்போட அவருக்குக் கயிறு தேவைப்படவில்லை. வெட்கமே போதுமானதாக இருந்தது.

தூரத்தில் இடி உருண்டது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

யார்டு வாசலில் கண்ணாடி போட்ட சிவப்புப் பெட்டி ஒன்று உண்டு. உடைத்து உள்ளே இருக்கும் பிடியை இழுத்தால் சைரன் ஊதும், பம்ப் தானாக நிற்கும், எங்கே இருந்தாலும் ஆள் இறங்கி வாசலுக்கு வந்தாக வேண்டும். வராதவரைத் தீயணைப்பு வண்டிக்காரர்கள் ஏறிப் போய்த் தூக்கி வருவார்கள். தீ இல்லாமல் இழுத்தவருக்கு அன்றோடு வேலை இல்லை. வெளியிலிருந்து விசாரணைக்கு வருவார்கள், பட்டைகளைக் கழற்றிப் பார்ப்பார்கள், யார் பூசியது என்று கேட்பார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். கூடத்துப் படத்தை அப்பா கழற்றுவாரோ மாட்டாரோ, என் முகத்தைப் பார்க்க மாட்டார். அம்மா நடுவில் நின்று இரண்டு தட்டில் தனித்தனியாகச் சோறு போடுவாள்.

இருக்கட்டும். என்னோடு பேசாத அப்பா எனக்குப் போதும்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம்மா," என்றார் மேனேஜர் பெருந்தன்மையாக. "போய் வேலையைப் பாரு."

"அதைத்தான் பார்க்கப் போறேன்."

ஆமாம்சாமிக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "எங்கம்மா போறே? ஏய், நில்லு. உங்கப்பாவை நினைச்சுப் பாரு."

"அவரை மட்டும்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

கதவைத் திறந்தபோது பின்னால் வாக்கிடாக்கி கரகரத்தது. அப்பாவின் குரல் தணிந்திருந்தது. "சார், பாப்பா அழுதாளா?"

மேனேஜர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க நான் நிற்கவில்லை. வராண்டாவைத் தாண்டி, யார்டு வாசலைப் பார்த்து வேகமாக நடந்தேன்.